கியர் பெட்டியைச் சந்தேகித்த டிரான்ட்டர்

லெனர்ட் டிரான்ட்டர் எங்கள் வட்டாரத்துக்குப் பத்தொன்பது வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்தார். கசாப்புக் கடைத் தராசு, நிலக்கரி மூட்டை, பால்காரரின் அளவுக் குவளை, பெட்ரோல் பம்ப் என்று எதையெல்லாம் நிறுத்தும் அளந்தும் விற்கிறார்களோ அதெல்லாம் அவர் கையால் முத்திரை வாங்கியாக வேண்டும். அவர் தெருவில் நடந்து வந்தால் எங்கள் ஊர் க்ளன்பிரிட்ஜின் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரு தரம் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள், தப்பே செய்யாதவர்களும்கூட.

நேர்மையான மனிதர். எந்தக் கடையிலும் ஒரு கோப்பைத் தேநீர் குடித்ததில்லை. மழையில் நின்றாலும் நிற்பாரே தவிர, ஆய்வுக்கு வந்த கடையில் நாற்காலி வாங்கி உட்கார மாட்டார். ஆனால் சந்தேகம் அலுவலகத்தோடு நிற்காமல் அவர் கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. ரொட்டி வாங்கி வந்தால் சமையலறைத் தராசில் ஏற்றிப் பார்ப்பார். தேவாலயக் கடிகாரம் ஒன்றரை நிமிடம் பின்தங்கி ஓடுகிறது என்று பாதிரியாருக்கு மூன்று கடிதம் போட்டிருந்தார். வானிலை அறிக்கை எழுதுகிறவர்கள் ஜன்னலைத் திறந்து பார்ப்பதே இல்லை என்று வானொலி நிலையத்துக்கும் ஒன்று.

இப்படிப்பட்டவர் 1967 மார்ச் மாதத்தில், நாற்பத்தேழாவது வயதில், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். எங்களிடம்தான் வாங்கினார்.

என் பெயர் குவெண்டா. என் அண்ணன் இட்ரிஸ் புரோபர்ட், ஊர்ப் பாலத்துக்குப் பக்கத்தில் கார் பட்டறையும் இரண்டு பெட்ரோல் பம்பும் வைத்திருந்தார். பெட்ரோல் போடுவது, ரசீது எழுதுவது, தொலைபேசியை எடுப்பது இதெல்லாம் என் வேலை. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கனடாவுக்குக் குடிபோன ஒரு கால்நடை மருத்துவர் தன் காரை விற்றுத் தரச் சொல்லி அண்ணனிடம் விட்டுப் போயிருந்தார். கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக் கூரை. வயது எட்டு ஆகியும் மூக்கு நீண்ட, தாழ்ந்த அழகான வண்டி.

டிரான்ட்டர் அதைப் பார்க்க ஏழு தடவை வந்தார். ஒரு தடவை டார்ச்சோடு அடியில் படுத்தார். ஒரு தடவை சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து, எங்கே தகடு, எங்கே பூச்சு என்று கதவு முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்தார். கனடா விலாசத்தை வாங்கிக்கொண்டு போய் மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்த பிறகுதான் வாங்கினார். ஏன் இந்த வண்டி என்று அண்ணன் கேட்டதற்கு, "சின்ன வயசுல இந்த மாதிரி ஒண்ணைப் பாத்தேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குள்ளேயே காது மடல் சிவந்துவிட்டது.

எட்டாம் நாள் திரும்பி வந்தார். அவர் வருவது தெருமுனையிலிருந்தே கேட்டது. தகர டப்பாவுக்குள் கரண்டியை விட்டுக் கலக்குவது போல ஒரு சத்தம், பிறகு வண்டி ஒரு முறை குதிக்கிற சத்தம்.

"நீங்க எனக்குக் காட்டின கியர் பெட்டி இது இல்ல" என்றார் இறங்கியதும்.

அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "அதேதான் மிஸ்டர் டிரான்ட்டர். என்ன பண்ணுது?"

"ரெண்டிலிருந்து மூணு போட்டா உதைக்குது. மூணிலிருந்து ரெண்டுக்கு வந்தா கத்துது. முதல் கியர் நாலு தடவையில ஒரு தடவைதான் விழுது."

"முதல் கியர் வண்டி முழுசா நின்ன பிறகுதான் விழும். இந்த வண்டிக்கு அப்படித்தான். உட்காருங்க, ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்."

நான் பம்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அண்ணன் ஓட்டினார். பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறி, திரும்பி இறங்கி வந்து நிறுத்தும்வரை என்ஜின் சத்தம் மட்டும்தான் ஏறி இறங்கியது. நடுவில் ஒரு உரசல் இல்லை. டிரான்ட்டர் இறங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

"நீங்க ஓட்டும்போது மட்டும் சத்தம் வராத மாதிரி ஏதோ பண்றீங்க."

"ஆமா. கிளட்ச்சை முழுசா மிதிக்கறேன். அப்புறம் ஒரு நொடி பொறுக்கறேன்."

"நானும் மிதிக்கிறேன்."

"நீங்க மிதிக்கறதுக்கு முன்னாடியே கை கியரை இழுத்துடுது. உங்க ஆபீஸ் வேன் பழைய வண்டி, தொளதொளன்னு இருக்கும், எல்லாத்தையும் பொறுத்துக்கும். இது பொறுக்காது. ஞாயித்துக்கிழமை காலையில வாங்க, ஒரு மணி நேரம் சொல்லித் தர்றேன். சும்மாதான்."

அந்தச் 'சும்மாதான்' கெடுத்துவிட்டது. சும்மா எதையும் யாரும் தர மாட்டார்கள் என்பது டிரான்ட்டரின் பத்தொன்பது வருட அனுபவம். பழுதான கியர் பெட்டியின் பழுதை மறைக்க எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. தேவையில்லை என்று சொல்லிவிட்டு, உரசிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு அவர் கியர் பெட்டியின் போல்ட் ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்ட்டால் புள்ளி வைத்தார். எங்களிடம் சாதாரணமாக எண்ணெய் மாற்ற விட்டாலும், திரும்ப எடுக்கும்போது படுத்துப் பார்த்துப் புள்ளிகளைச் சரிபார்ப்பார். அதுவரைகூடச் சிரித்துவிட்டுப் போகலாம். ஏப்ரல் நடுவில் ஒரு காலை, அலுவலக வேனில் பித்தளை அளவுக் கலங்களோடு வந்து பம்பைச் சோதிக்க வேண்டும் என்றார்.

பம்ப் பிப்ரவரியில்தான் முத்திரை வாங்கியிருந்தது. இருந்தாலும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. இரண்டு பம்பிலிருந்தும் ஐந்து ஐந்து காலனாகப் பிடித்து, கலத்தின் கழுத்துக் கோட்டில் கண்ணை வைத்துப் பார்த்தார். சொட்டுக்கூடக் குறையவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். அப்புறம் பதினைந்து நாளில் மூன்றாம் தடவை. ஒவ்வொரு தடவையும் வேன் இரண்டு மணி நேரம் எங்கள் வாசலில் நின்றது. பாலத்தைக் கடக்கிற எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

ஊர் என்றால் அவ்வளவுதான். "பம்ப்ல ஏதோ இருக்காமே" என்று தபால் அலுவலகத்தில் ஒருத்தி என்னிடமே கேட்டாள். பால் வண்டிக்காரர்கள் ஒன்பது மைல் தள்ளிப் போய்ப் பெட்ரோல் போட ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"அண்ணே, மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க. கார் தகராறுக்காக ஆபீஸ் அதிகாரத்தைக் காட்டறார்ன்னு எழுதுங்க."

"எழுதலாம்" என்றார் அண்ணன். ஆனால் எழுதவில்லை. அதுதான் எனக்கு முதலில் வினோதமாகப் பட்டது. என் அண்ணன் பொறுமைசாலி கிடையாது. மட்டமான உதிரிப் பாகம் அனுப்பிய கம்பெனிக்காரனைத் தொலைபேசியில் அழவைத்தவர். இந்த விஷயத்தில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்?

மே மாதக் கடைசியில் டிரான்ட்டர் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தார்.

"இந்தக் காருக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு" என்றார் அண்ணன். "ரெண்டும் உங்ககிட்டதான் குடுத்தேன்."

"ஒண்ணு என் பாக்கெட்டுல. இன்னொண்ணு வீட்டுச் சமையலறை அலமாரியில. மூணாவது சாவி யார்கிட்ட?"

"மூணாவது கிடையாது."

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் என் கார் பதினாலு மைல் ஓடியிருக்கு. நான் பக்கத்து ஊர்ச் சந்தையில இருக்கிற நாள் அது. காலையில மைல் மீட்டரைக் குறிச்சு வெச்சுட்டுப் போறேன், சாயந்திரம் பதினாலு கூடியிருக்கு. சீட்டு ரெண்டு பல்லு முன்னாடி தள்ளியிருக்கு. நான் உயரம். யாரோ குள்ளமான ஆள் ஓட்டறான்."

அண்ணனும் என்னைப் போலக் குள்ளம்தான். டிரான்ட்டர் அவரை உச்சியிலிருந்து பாதம் வரை அளந்தார். அண்ணனின் கழுத்து மெதுவாகச் சிவந்து வந்ததை நான் பார்த்தேன். "எங்கிட்ட சாவி இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு லாரியின் அடியில் புகுந்துகொண்டார்.

அன்று என் மனதில் ஒரு முள் தைத்தது. வியாழக்கிழமை எங்கள் ஊரில் கடைகள் மதியம் ஒரு மணிக்கு மூடிவிடும். ஒரு மாதமாக அண்ணன் அந்த மதியங்களில் வீட்டுக்குச் சாப்பிட வருவதில்லை. கேட்டால் "வேலை இருந்துச்சு" என்பார். பட்டறை பூட்டியிருக்கும். எங்கே என்ன வேலை?

டிரான்ட்டர் என் பக்கம் வந்தார். பிறகு தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்: "மிஸ் புரோபர்ட், வியாழக்கிழமை மத்தியானம் உங்க அண்ணன் எங்க போறார்?"

"தெரியல" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு வாய் கசந்தது.

அடுத்த வியாழக்கிழமை அவர் சந்தைக்குப் போகவில்லை. நானும் வருவேன் என்று சொல்லி அவரோடு அலுவலக வேனில் ஏறினேன். வெளியாள் யாரையும் அந்த வேனில் அவர் ஏற்றியதில்லை என்று ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டார், நான் அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது போல. எங்கே போகிறோம் என்பதை அவரே கண்டுபிடித்திருந்தார். காரின் சக்கர மடிப்பில் புதர்ப் பெரணியின் இலையும் ஆட்டுப் புழுக்கையும் ஒட்டியிருந்தனவாம். போக ஏழு மைல், வர ஏழு மைல். ஏழு மைலில் பெரணியும் ஆடும் சேர்ந்து இருக்கிற சாலை லாங் மிண்ட் மலைமேல் ஏறுகிற ஒற்றைச் சாலை ஒன்றுதான்.

மேலே ஒரு கம்பிக் கதவுக்குப் பின்னால் வேனை நிறுத்தினோம். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. காற்று வேனை ஆட்டியது. அவர் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, சீஸ் வைத்த ரொட்டியில் பாதியை என்னிடம் நீட்டினார். இரண்டு பாதியும் சமமாக இருந்தன.

"நீங்க ஏன் வந்தீங்க?" என்று கேட்டார்.

"எங்கண்ணன் பொய் சொல்றாரான்னு தெரியணும்."

"சொல்றார்ன்னா?"

"வேற இடத்துல வேலை தேடிக்கணும்."

அவர் தலையசைத்தார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். பிறகு தயங்கித் தயங்கி, "உங்க அண்ணன்தான் உள்ள பார்ட்ஸை ஒவ்வொண்ணா மாத்தறார். நல்லதை எடுத்துட்டுப் பழசைப் போடறார். மஞ்சள் புள்ளியை எப்படி அழிக்காம பண்றார்ங்கறதுதான் புரியல" என்றார்.

"வீட்டுல மிஸஸ் டிரான்ட்டர் வண்டியை யாரும் எடுக்கறதைப் பாக்கலையா?"

"மியூரியலா? அவ வியாழக்கிழமை தேவாலயத்துக்குப் பூ வைக்கப் போயிடுவா. அவளுக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஓட்டவும் தெரியாது."

அந்த வட்டாரத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர் மனைவிதான்.

இரண்டு மணி சுமாருக்கு அது கேட்டது. முதலில் கீழே, மிகத் தூரத்தில். செங்குத்தான முதல் ஏற்றத்தில் என்ஜின் சத்தம் உயர்ந்தது, ஒரு கணம் நின்றது, நடுவில் சின்னதாக ஒரு உறுமல், உடனே கீழ் கியரின் கனத்த சத்தம். அடுத்த வளைவில் மறுபடி அதேபோல. எங்கும் உரசல் இல்லை, உதைப்பும் இல்லை. ஆள் மூச்சு விடுவது போல அவ்வளவு இயல்பாக வந்துகொண்டிருந்தது. டிரான்ட்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"இது என் கார் இல்ல" என்றார். "என் கார் இப்படிச் சத்தம் போடாது."

வளைவைத் திரும்பி வந்தது பச்சைக் கார்தான். கூரை திறந்திருந்தது. பக்கத்து இருக்கையில் என் அண்ணன் தொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஓட்டியது நீலத் தலைத்துண்டு கட்டிய ஒரு பெண்.

டிரான்ட்டர் வேனிலிருந்து இறங்கி நேராகச் சாலை நடுவில் போய் நின்றார். நான் பதறிப் பின்னால் ஓடினேன். கார் பதறவில்லை. நான்கு, மூன்று, இரண்டு என்று கியர் இறங்குவது ஒவ்வொன்றாகக் கேட்டது. அவர் முழங்காலுக்கு ஒரு கெஜம் முன்னால், குலுங்காமல் நின்றது.

ஒரு ஆடு சாலையைக் கடந்தது.

"எங்க கத்துக்கிட்ட?" என்றார் டிரான்ட்டர்.

"ராணுவத்துல" என்றாள் மியூரியல்.

"நீ அங்க டைப் அடிச்சே."

"அது நீயா நினைச்சுக்கிட்டது. போக்குவரத்துப் பிரிவுன்னு சொன்னேன். போக்குவரத்துப் பிரிவுல டைப் அடிச்சேன்னு நீ வெச்சுக்கிட்டே. மூணு டன் லாரி ஓட்டினேன் லென், அப்புறம் ஆம்புலன்ஸ். விளக்கில்லாம, ராத்திரியில, கியருக்குக் கியர் ரெண்டு தடவை கிளட்ச் மிதிச்சாதான் விழற வண்டி. பின்னால படுத்திருக்கிறவனுக்கு உடம்பு குலுங்கக்கூடாது, குலுங்கினா கத்துவான். அப்படிக் கத்துக்கிட்டது."

"லைசென்ஸ்?"

"மூணு வருஷத்துக்கு ஒரு தடவை தபால்ல புதுப்பிக்கறேன். கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து."

அவர் பார்வை மெதுவாக என் அண்ணன் பக்கம் திரும்பியது. என்ன கேட்கப் போகிறார் என்பது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடியது.

"நீங்க ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தார்.

மியூரியல் கதவைத் திறந்து இறங்கினாள். குள்ளம்தான், ஆனால் அப்போது அப்படித் தெரியவில்லை. "முடிக்காதே அதை. இந்த மனுஷன் முதல் வளைவுலேயே கண்ணை மூடிக்கிட்டவர்."

"ரெண்டாவது வளைவுல" என்றார் அண்ணன். "முதல் வளைவுல திறந்துதான் இருந்தேன்."

பிறகு மியூரியல் நடந்ததைச் சொன்னாள். ஏப்ரல் முழுக்க வீட்டில் கியர் பெட்டிப் புராணமே கேட்டுக் கேட்டு, உண்மையிலேயே தன் கணவரை ஏமாற்றிவிட்டார்களா என்று அவளுக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. ஒரு வியாழக்கிழமை அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு காரைப் பட்டறைக்கே ஓட்டி வந்து, "ஏறுங்க மிஸ்டர் புரோபர்ட். மலை மேல போலாம். கியர் பெட்டியில கோளாறு இருந்தா உங்க கண் முன்னாடியே தெரியட்டும், அப்புறம் நான்தான் கெடுத்தேன்னு சொல்ல முடியாது பாருங்க" என்றிருக்கிறாள். போய்ப் பார்த்தால் பெட்டி சுத்தம். இறங்கும்போது, தன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அண்ணனிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். அடுத்த வியாழக்கிழமையும் வந்தாள். ஏதாவது ஆனால் காருக்குப் பொறுப்பு யார் என்ற பயத்தில் அண்ணனும் கூடவே போனார்.

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் டிரான்ட்டர்.

"சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா நீ மைலை எழுதுவே, பெட்ரோலை எழுதுவே, போன இடத்தைக் கேப்பே. எனக்கு இன்னும் ஒரு வியாழக்கிழமை வேணும்ன்னு இருந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு." தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "சாவி வீட்டு அலமாரியில இருக்கு, சீட்டு முன்னாடி தள்ளியிருக்கு. ஊரையே சந்தேகப்பட்டே. என்னைச் சந்தேகப்படணும்ன்னுகூட உனக்குத் தோணல பாரு."

என்னால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "உங்க வியாழக்கிழமைக்காக எங்க பம்ப்பை மூணு தடவை சோதிச்சாச்சு மிஸஸ் டிரான்ட்டர். ஊரே எங்களைத் திருடங்கன்னு சொல்லுது" என்றேன்.

அவளுக்கு அது தெரியாது. அலுவலக விஷயத்தை டிரான்ட்டர் வீட்டில் பேச மாட்டார். அண்ணனும் அவளிடம் சொல்லவில்லை. "மூணு தடவையா?" என்று அண்ணனைப் பார்த்தாள். அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வாக்குக் குடுத்துட்டேன். சொன்னா அந்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கோங்கன்னு நானே உங்களைக் கேக்கற மாதிரி ஆயிடும்."

அவள் முகம் வெளுத்துப் போனது. டிரான்ட்டர் நோட்டை எடுத்தார். காருக்குள் குனிந்து மைல் மீட்டரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், இன்னும் இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஏழு மைல்தான் கூடியிருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அண்ணன் இறங்கிக் கொடுத்த பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மியூரியல் ஓட்டிக்கொண்டு போனாள். அரசாங்க வேனை நானும் அண்ணனும் கீழே கொண்டு வந்து சேர்த்தோம். வழியில் நான் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ அந்த ஆளோட வேன்ல ஏறினியா?" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதை மூன்று தடவை கேட்டார்.

திங்கட்கிழமை டிரான்ட்டர் தன் மேலதிகாரிக்குத் தன்மேலேயே ஒரு புகார் எழுதினார். சொந்தத் தகராறு இருந்த இடத்தில், காரணமில்லாமல் மூன்று தடவை சோதனை செய்தேன், பம்புகளில் குறையில்லை என்று. அதற்காக அவருக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. எங்கள் பட்டறையின் முத்திரை வேலையை வேறொரு ஆய்வாளருக்கு மாற்றினார்கள். கண்டனக் கடிதத்தையும், பம்புகள் சரியானவை என்று கையெழுத்திட்ட ஒரு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். காகிதத்தை ஜன்னலில் ஒட்ட அனுமதி கேட்டார்.

"வேண்டாம்" என்றார் அண்ணன். "அதை ஒட்டினா ஏன் ஒட்டினேன்னு கேப்பாங்க."

"நான் தப்புப் பண்ணிட்டேன் மிஸ்டர் புரோபர்ட்."

"ஆமா" என்றார் அண்ணன். கை நீட்டவில்லை.

டிரான்ட்டர் அதற்குப் பிறகு செய்ததை யோசித்துத்தான் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும், சந்தைக் கூட்டம் பாலத்தைக் கடக்கிற பதினோரு மணிக்கு, பச்சைக் காரில் வந்து எங்கள் பம்பில் பெட்ரோல் போட்டார். இறங்கி நின்று, மீட்டர் முள் நகருவதை மூக்கு ஒட்டுகிற தூரத்தில் வைத்துப் பார்ப்பார். அது அவர் பழக்கம், அதை அவரால் விட முடியாது. நான்காவது சனிக்கிழமைக்குள் பால் வண்டிகள் திரும்பி வந்துவிட்டன. அந்த மனிதரே இங்கேதான் போடுகிறார் என்றால் வேறு எங்கே போய்ப் போடுவது என்று தபால் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்களாம். ஆகஸ்டில் ஒரு நாள் அண்ணன், யாரும் கேட்காமலே, அவர் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டார்.

டிரான்ட்டர் கியர் போடக் கற்றுக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில், போர்க்காலத்துக்குப் பிறகு கைவிடப்பட்ட விமானத் தளத்தில். மியூரியல்தான் கற்றுக்கொடுத்தாள். முதல் மூன்று ஞாயிறும் அவரை ஓட்டவே விடவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று சத்தத்தை வைத்துச் சொல்லச் சொன்னாள். அவர் வேகமானியின்படிதான் மாற்ற வேண்டும், புத்தகத்தில் அட்டவணை இருக்கிறது என்றார். அவள் கைக்குட்டையை எடுத்து மானிகள்மேல் போட்டு மூடினாள்.

"அது பொய் சொல்லாது" என்றார் அவர்.

"என்ஜினும் சொல்லாது. கேளு."

நான்காம் ஞாயிறு சக்கரத்தைப் பிடித்தார். அவர் தவறு என்ன என்பது அவளுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கியர் விழாமல் போய்விடுமோ என்ற பயத்தில் தண்டை முழு முஷ்டியில் இறுக்கி, கிளட்ச் பாதி இறங்கும்போதே பிடுங்குகிறார். மேல் கியரிலிருந்து கீழே வரும்போது நியூட்ரலில் ஒரு கணம் நிற்க வேண்டும், கிளட்ச்சிலிருந்து காலை எடுத்து என்ஜினைக் கொஞ்சம் உறுமவிட வேண்டும், மறுபடி மிதித்து அப்புறம்தான் தள்ள வேண்டும். அந்தக் கணத்தில்தான் அவர் தடுமாறினார். எந்தக் கியரிலும் இல்லாமல் வண்டி ஓடிக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது ஒன்றில் மாட்டிவிட்டால்தான் நிம்மதி.

"ரெண்டு விரலால தொடு லென். கைதியைப் பிடிக்கற மாதிரி பிடிக்காத. அது எங்கயும் ஓடிடாது."

"விழலேன்னா?"

"விழலேன்னா மறுபடி போடலாம். யாரும் சாக மாட்டாங்க."

முதல் நாள் நாற்பத்தொரு உரசல். நோட்டில் எழுதிவைத்தார். அடுத்த வாரம் முப்பத்தாறு. அதற்கடுத்து நாற்பத்து நான்கு, அன்று அவர் மியூரியலோடு பேசாமலே வீடு திரும்பினார். தனக்கு மட்டும் அந்தப் பெட்டி வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்றும், அவள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் ஒழுங்காக இருக்கிறது என்றும் என்னிடமே சொன்னார், முழு நம்பிக்கையோடு. ஜூலைக் கடைசியில் மழை பெய்து ஓடுபாதை நனைந்திருந்த ஒரு நாள், வைப்பர் கெட்டுப்போய், அவர் கவனம் முழுவதும் கண்ணாடியில் இருந்தது. ஓடுபாதையைச் சுற்றி மூன்று வட்டம் வந்த பிறகுதான் மியூரியல் சொன்னாளாம், "லென், நீ இப்ப ஒரு உரசல்கூட இல்லாம ஒன்பது தடவை கியர் மாத்தியிருக்கே" என்று. அவர் நம்பவில்லை. எட்டு என்றார். இருவரும் அதை வைத்து வீடு வரும்வரை சண்டை போட்டார்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு வருவது மட்டும் அவருக்குக் கடைசிவரை முழுசாக வசப்படவில்லை. பத்தில் ஒன்று கத்தும். வியாழக்கிழமைகளை மியூரியலுக்கே விட்டுவிட்டார், மைலைக் குறிப்பதையும் நிறுத்திவிட்டார். அதற்கு அவர் பட்ட பாட்டை மியூரியல்தான் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

மறு வருடக் கோடையில் வட்டார மோட்டார் சங்கம் மலையேற்றப் போட்டி நடத்தியது. ஒவ்வொரு காராக அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஓட்ட வேண்டும், யார் நேரம் குறைவோ அவருக்குப் பரிசு. பெண்கள் பிரிவில் மியூரியல் பெயர் கொடுத்தாள். நானும் அண்ணனும் உச்சியில் கம்பளி போட்டு உட்கார்ந்தோம். டிரான்ட்டர் எங்களோடு உட்காரவில்லை. சங்கத்தின் நேரக் காப்பாளரை நம்பாமல், சொந்த ஸ்டாப்வாட்ச்சோடு முடிவுக் கோட்டில் நின்றார். அதை முந்தின வாரம்தான் நகரத்துக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்கியிருந்தார்.

அவள் அபாரமாக ஓட்டினாள். மூன்றாவது பரிசு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அண்ணன் தொப்பியைத் தூக்கி எறிந்தார். அப்போது டிரான்ட்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரக் காப்பாளரின் மேஜைக்குப் போவதைப் பார்த்தேன். "அவர் ஏதோ கண்டுபிடிச்சுட்டார்" என்றார் அண்ணன். அவர் குரலில் பயம் இருந்தது.

கண்டுபிடித்துத்தான் இருந்தார். சங்கத்தின் கடிகாரம் ஒரே ஒரு ஓட்டத்தில் மட்டும், ஒரு நொடியில் பத்தில் நான்கு பங்கு குறைத்துக் காட்டியிருக்கிறது. அந்த ஓட்டம் மியூரியலுடையது. எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்தார். அரைமணி நேரம் பேசி, இன்னொரு நடுவரின் கடிகாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்து, அவர் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டார்கள். மியூரியல் நான்காவது இடத்துக்குப் போனாள். நான்காவது இடத்துக்குப் பரிசு கிடையாது.

அந்த வாரம் முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. அவர் தானே முட்டை வேகவைத்துச் சாப்பிட்டார். சனிக்கிழமை பெட்ரோல் போட வந்தபோது நான் கேட்டேன், "அந்தப் புகாரைக் கொடுக்காம இருந்திருக்கலாமே?"

"கடிகாரம் தப்பு" என்றார், அதைவிட வேறு காரணம் வேண்டுமா என்பது போல. பிறகு மீட்டர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவ அந்தக் கடைசி வளைவுல மூணிலிருந்து ரெண்டுக்கு வந்தாளே, கேட்டீங்களா?" என்றார்.

"கேட்டேன்."

"எனக்கு அது வரவே வராது" என்றார் டிரான்ட்டர்.